வாசகர் கேள்வி பதில்: பிறந்த ஊரில் குடியுரிமை கேட்பது

கேள்வி: நாங்கள் சுவிஸில் லுசேர்ன் மாநிலத்தில் வசிக்கிறோம். கணவர் 1990இல் அகதியாக வந்தவர். இங்கேயே பிறந்து படித்த எங்கள் மகளுக்கு இப்போது வயது 17. நிரந்தர வதிவிட அனுமதியான சி விசா வைத்திருக்கிறாள். அடுத்த ஆண்டு படிப்புக்காகச் சூரிச் செல்ல இருக்கிறாள். 2018இல் வந்த சட்டத்தின்படி அவளுக்குச் சுவிஸ் குடியுரிமை சுலபமாகக் கிடைக்கும் என்கிறார்கள். அவளோ, "பிறந்த ஊரில் நான் எதற்கு மனுக் கொடுக்க வேண்டும்?" என்று மறுக்கிறாள். இலங்கைக் குடியுரிமை பறிபோய்விடும் என்று அவளுடைய மாமாவும் தடுக்கிறார். நாங்கள் என்ன செய்வது?
(ஒரு தாய், லுசேர்ன்)

பதில்: சகோதரி, உங்கள் மகளின் கோபத்தில் நியாயம் இருக்கிறது. சுவிஸ் சட்டம் மண்ணைப் பார்ப்பதில்லை, பெற்றோரைத்தான் பார்க்கிறது. ஆகவே லுசேர்ன் ஆஸ்பத்திரியில் பிறந்த பிள்ளையும் அதன் கணக்கில் வெளிநாட்டவரே. மொழிபெயர்ப்புக்காக நான் உடன் சென்றிருந்த ஒரு குடும்பத்தின் மகள், விண்ணப்பத்தில் 'நாட்டுக்குள் வந்த நாள்' என்ற கட்டத்தில் தன் பிறந்த தேதியையே எழுதினாள். அதிகாரியும் அதைச் சரியென்று வாங்கி வைத்துக்கொண்டார்.

நீங்கள் கேள்விப்பட்ட சட்டம், 2017 பெப்ரவரி 12 அன்று நடந்த வாக்கெடுப்பில் ஏற்கப்பட்டு, 2018 பெப்ரவரி 15 முதல் நடைமுறைக்கு வந்தது. அது மூன்றாம் தலைமுறைக்கானது: இங்கே பிறந்த, 25 வயது நிரம்பாத, தாத்தா பாட்டியில் ஒருவராவது இந்நாட்டில் வதிவிட உரிமை பெற்றிருந்த பிள்ளைகளுக்கு உரியது. உங்கள் மகள் இரண்டாம் தலைமுறை என்பதால் வழமையான வழியில்தான் செல்ல வேண்டும். அதற்குச் சி விசாவும் 10 ஆண்டு வசிப்பும் தேவை; 8 வயது முதல் 18 வயது வரையான ஆண்டுகள் இரட்டிப்பாக எண்ணப்படுவதால், ஒன்பது வயதிலேயே அவள் அந்தக் கணக்கைத் தாண்டிவிட்டாள்.

இடைஞ்சல் சூரிச் பயணத்தில்தான் இருக்கிறது. ஊராட்சி, மாநிலம், மத்திய அரசு ஆகிய மூன்றும் சம்மதிக்க வேண்டும். தன் எல்லைக்குள் 2 முதல் 5 ஆண்டு வரை வசித்திருக்க வேண்டுமென்று ஒவ்வொரு மாநிலமும் விதி வைத்திருக்கிறது. முகவரிப் பதிவைச் சூரிச்சுக்கு மாற்றிவிட்டால் அங்கே எண்ணிக்கை முதலிலிருந்து தொடங்கும். விண்ணப்பம் கொடுத்தபின் இடம் மாறினாலும், பழைய ஊரார் அவளுடைய தகுதியை முழுமையாகப் பரிசீலித்து முடித்திருந்தால்தான் அது அங்கேயே தொடரும். எனவே இப்போதே விண்ணப்பித்துவிட்டு, பரிசீலனை முடியும்வரை பதிவை வீட்டிலேயே வைத்துக்கொண்டு, வார நாள்களில் மட்டும் அவள் சூரிச்சில் தங்குவது நல்லது. 16 வயது கடந்தவர் தம் விருப்பத்தைத் தாமே எழுத்தில் தர வேண்டும் என்பதால், அவளுக்குத் தெரியாமல் நீங்கள் மட்டும் முடிக்கக்கூடிய காரியம் அல்ல இது.

ஊரார் என்ன செய்துவிடுவார்களோ என்ற அச்சமும் அவளுக்கு இருக்கலாம். உங்கள் மாநிலத்து எம்மென் என்ற ஊரில் 2000ஆம் ஆண்டு யாருக்குக் குடியுரிமை தருவதென்று வாக்குப்பெட்டி வைத்துத் தீர்மானித்தபோது, இத்தாலியருக்குச் சம்மதம் கிடைத்தது. பால்கன் நாடுகளிலிருந்து வந்தவர்கள் பெரும்பாலும் நிராகரிக்கப்பட்டார்கள். 2003 ஜூலையில் கூட்டாட்சி உச்ச நீதிமன்றம் அந்த முறை அரசியலமைப்புக்கு முரணானது என்று தீர்ப்பளித்தது. இன்று நிராகரிப்பவர் காரணம் சொல்லியாக வேண்டும், மேன்முறையீடும் செய்யலாம்.

மாமாவின் கவலைக்கு முன்னால் ஒன்றைச் சரிபாருங்கள்: அவள் இலங்கைப் பிரசைதானா? வெளிநாட்டில் பிறந்த பிள்ளையின் பிறப்பை ஓராண்டுக்குள், அல்லது அமைச்சர் அனுமதிக்கும் நீடித்த காலத்துக்குள், தூதரகத்திலோ கொழும்பிலோ பதிந்திருந்தால்தான் வம்சாவளிப் பிரசாவுரிமை உண்டு. தூதரக வாசலை மிதிக்கவே அஞ்சிய அகதிக் குடும்பங்கள் பல இதைச் செய்யவில்லை. பதிந்திருந்தால், 1992 முதல் சுவிஸ் இரட்டைக் குடியுரிமையைத் தடுப்பதில்லை. இலங்கைப் பக்கம் அதற்கு விண்ணப்பித்து அனுமதி பெற வேண்டும்.

மகளிடம் இதையும் சொல்லுங்கள். சுவிஸ் கடவுச்சீட்டில் பிறந்த இடம் இராது. 'ஹைமாட்டோர்ட்' என்னும் பூர்வீக ஊர்தான் இருக்கும். பரம்பரையாக வரும் அந்த ஊரை ஒருமுறைகூடப் பார்த்திராத சுவிஸ்காரர் ஏராளம். "நீங்கள் எந்த ஊர்?" என்று கேட்டால், தான் பிறக்காத புங்குடுதீவையோ கரவெட்டியையோ சொல்லும் நம் பிள்ளைகளின் நிலையும் அதுவேதான். குடியுரிமை தரும் ஊராட்சியின் பெயர் அவளுடைய கடவுச்சீட்டில் ஏறும். வழக்கமாக அவள் பிள்ளைகளுக்கும் அது போகும். தான் யாழ்ப்பாணத்தாளா, லுசேர்ன்காரியா என்று முடிவு செய்யும்படி விண்ணப்பப் படிவம் அவளைக் கேட்பதில்லை.

கேள்வி: எனக்கு 20 வயது. சுவிஸ் குடியுரிமை எடுத்தால் இராணுவத்துக்குப் போக வேண்டுமா?
(ஒரு மாணவர், பேர்ண்)

பதில்: ஆம் தம்பி, ஆண்களுக்கு அது கடமை, உங்கள் வயதில் ஆள்சேர்ப்புப் பரிசோதனைக்கு அழைப்பு வரும். மனச்சாட்சி இடங்கொடாதவர்கள் ஒன்றரை மடங்கு காலம் குடிமைச் சேவை செய்யலாம். உடல் தகுதி இல்லையென்று விலக்கப்பட்டால், வரிக்குரிய வருமானத்தில் 3 விழுக்காடு, குறைந்தது ஆண்டுக்கு 400 பிராங்க், விலக்கு வரியாகக் கட்ட வேண்டும்.