ஏப்ரல்ல மசாய் மாரா வேணாம் தம்பி

முதல் கல்யாண நாளுக்கு ஏப்ரல்ல சம்சாரத்தோட கென்யாவுல இருக்குற மசாய் மாரா வனவிலங்குக் காப்பகத்துக்குப் போய், வில்டபீஸ்ட் (மாடு மாதிரி இருக்குற பெரிய மான்) கூட்டம் ஆறு தாண்டுறதைப் பார்க்கணும்னு கேட்டிருக்கீங்க. அப்போ அங்கே பெருமழைக் காலம். மழையில வியாசர்பாடி சுரங்கப்பாதை பார்த்திருப்பீங்களே, வழியெல்லாம் அந்தக் கதிதான். கூட்டமும் அப்போ தான்சானியா பக்கம், செரெங்கெட்டியில இருக்கும். ஆறு தாண்டுறது ஜூலையிலிருந்து அக்டோபர் வரைக்கும். கல்யாண நாளைத் தள்ளிக் கொண்டாடினா வீட்டுல கோச்சுக்க மாட்டாங்க. சேத்துல வண்டி மாட்டினாதான் கோச்சுப்பாங்க!

ஹோட்டல்ல மிச்சம் பிடிச்சாவது தனி ஜீப் எடுங்க. ஆறு பேரோட வேன்ல என்ன ஜோடிப் பயணம்?

முக்கியமா மஞ்சள் காய்ச்சல் ஊசி. நம்ம சென்னை ராஜாஜி சாலை துறைமுக சுகாதார அலுவலகத்துலயே போடுறாங்க. கிளம்ப 10 நாள் முன்னாடியே போட்டுடுங்க. ஊசி போட்டதுக்கான அட்டை இல்லாம இந்தியா திரும்பினா 6 நாள் வரைக்கும் தனிமைப்படுத்திடுவாங்க.