கணினி கேள்வி-பதில்: எமுலேட்டருக்குள் மணி என்ன?

கேள்வி: பழைய பிசியைப் போலவே நடந்துகொள்ளும் புரோகிராமான எமுலேட்டர் ஒன்றை சி மொழியில் எழுதுகிறேன். விண்டோஸ், லினக்ஸ் இரண்டிலும் ஓட வேண்டும். எமுலேட்டர் ஓடும் கம்ப்யூட்டரின் (ஹோஸ்ட்) கடிகாரத்தைப் படித்து, உள்ளே ஓடும் பழைய ஆபரேட்டிங் சிஸ்டமான டாஸுக்குக் கொடுத்தால் மாதம் ஒன்று குறைகிறது, ஆண்டு கன்னாபின்னாவென்று வருகிறது. லினக்ஸில் ஓடும் லோக்கல்டைம்_ஆர் வரியை விண்டோஸில் லோக்கல்டைம்_எஸ் என்று மாற்றினால் கிராஷ் ஆகிறது.
– கல்லூரி மாணவர், அரூர்

பதில்: தேதியையும் நேரத்தையும் பிரித்து வைக்க சி தரும் டிஎம் ஸ்ட்ரக்சரில் மாதம் 0 முதல் 11 வரை. ஆண்டு 1900-லிருந்து எண்ணப்படும். 2025 என்றால் 125. பிசியின் கடிகாரச் சிப்பான எம்சி146818-இல் மாதம் 1 முதல் 12 வரை, ஆண்டு கடைசி இரண்டு இலக்கம் மட்டும். எனவே மாதத்தோடு 1 கூட்டுங்கள், ஆண்டை 100-ஆல் வகுத்து மீதியை எடுங்கள். கிழமைக்கும் 1 கூட்ட வேண்டும்: சிப்பில் ஞாயிறு 1, ஸ்ட்ரக்சரில் 0. பிறகு எல்லாவற்றையும் பிசிடி ஆக்குங்கள், அதாவது ஒவ்வொரு தசம இலக்கத்தையும் தனித்தனி 4 பிட்டில் வையுங்கள். 45 விநாடி ஹெக்ஸில் 45 என்றே இருக்க வேண்டும், 2டி என்று போகக் கூடாது.

கிராஷுக்குக் காரணம் ஆர்க்யூமென்ட் வரிசை. லோக்கல்டைம்_ஆர் முதலில் நேரத்தையும் பிறகு ஸ்ட்ரக்சரையும் கேட்கும். மைக்ரோசாஃப்ட் கம்பைலரின் லோக்கல்டைம்_எஸ் நேர் எதிர். சி++ ஆக இருந்தால் கம்பைல் ஆகாமல் நின்றிருக்கும். சி-யில் வெறும் எச்சரிக்கைதான் வரும், அதைத் தாண்டிப் போகாதீர்கள். இந்த வித்தியாசத்தை ஒரே ஃபைலில் அடைத்து, மற்ற கோடு முழுவதும் உங்கள் சொந்த ஃபங்ஷனையே கூப்பிடட்டும்.

நீங்கள் கேட்காத ஒன்றுதான் இதில் பெரிய பிழை. கடிகாரச் சிப்பின் எண்கள் வெளிவரும் 71 ஹெக்ஸ் போர்ட்டை டாஸ் படிக்கும் ஒவ்வொரு முறையும் ஹோஸ்ட் கடிகாரத்தைப் புதிதாகப் பார்க்காதீர்கள். 10:59:59-க்கு மணியைப் படித்தால் 10. அடுத்த ரெஜிஸ்டரை (சிப்பில் ஓர் எண் இருக்கும் இடம்) படிப்பதற்குள் விநாடி புரண்டால் நிமிடம் 00. டாஸ் 10:00 என்று எடுத்துக்கொள்ளும். பூட் ஆகும்போது ஒருமுறை படித்துவிட்டு அதன் பின் தானே எண்ணிக்கொள்வதால், மறுபடி பூட் செய்யும் வரை ஒரு மணி நேரம் பின்தங்கியே இருக்கும். உண்மைச் சிப்பில் ஏ ரெஜிஸ்டரின் 7-ஆம் பிட் 0 என்றால், அடுத்த 244 மைக்ரோசெகண்டுக்கு எண்கள் மாறாது என்ற உறுதி உண்டு. நீங்களும் விநாடிக்கு ஒருமுறை மொத்தமாக நகல் எடுத்து, அதிலிருந்தே எல்லா ரெஜிஸ்டரையும் கொடுங்கள். டாஸில் யாராவது தேதியை மாற்றினால் ஹோஸ்டைத் தொடாமல், வித்தியாசத்தை மட்டும் சேமித்துக் கூட்டிக்கொள்ளுங்கள்.

கேள்வி: மாங்கூழ் ஆலையில் எடை மேடைக்கான பழைய டாஸ் புரோகிராமை கியூஇஎம்யூ என்ற எமுலேட்டரில் ஓட்டுகிறோம். நள்ளிரவு தாண்டி வரும் லாரிகளுக்கு முந்தைய நாள் தேதியில் சீட்டு அடிக்கிறது.
– வாசகர், கிருஷ்ணகிரி

பதில்: எந்த நேரம் என்று நாம் சொல்லாமல் விட்டால் கியூஇஎம்யூ உலகப் பொது நேரமான யூடிசியைத்தான் கொடுக்கும். நம் நேரம் அதைவிட 5 மணி 30 நிமிடம் முன்னால். ஆகவே காலை 5:30 வரை வரும் லோடெல்லாம் நேற்றைய கணக்கில் விழும். ஸ்டார்ட் செய்யும் கட்டளையில் ‘-ஆர்டிசி பேஸ்=லோக்கல்டைம்’ சேருங்கள். ஹோஸ்டின் டைம் ஸோன் ஏசியா/கொல்கத்தா என்று இருக்கிறதா என முதலில் பாருங்கள். அதுவே யூடிசியில் இருந்தால் இந்த ஆப்ஷன் பயன்படாது. அதே கம்ப்யூட்டரில் கியூஇஎம்யூவுக்குள் லினக்ஸும் (கெஸ்ட்) ஓடினால் அதற்கு யூடிசியே பொருத்தம். ஏற்கெனவே அடித்த சீட்டுகள் தாமாகத் திருந்தாது. 1-ஆம் தேதி விடியற்காலை லோடுகளை மட்டுமாவது கையால் சரிபாருங்கள், அவை போன மாதத்தில் சேர்ந்திருக்கும்.

கேள்வி: என் எமுலேட்டரில் டாஸ் நேரத்தை எண்ணுவதற்கான டைமர் துடிப்பை (டிக்) 55 மில்லிசெகண்டுக்கு ஒன்றாக அனுப்புகிறேன். ஒரு நாளில் 2 நிமிடம் பின்தங்குகிறது.
– வாசகர், பாலக்கோடு

பதில்: டிக் 55 அல்ல, 54.925 மில்லிசெகண்ட். பிசியின் டைமர் சிப் ஓடும் 11,93,182 ஹெர்ட்ஸை 65,536-ஆல் வகுத்தால் விநாடிக்கு 18.2 டிக் வரும். நாளுக்கு 15 லட்சத்து 73 ஆயிரம் டிக் என்பதால் அந்தச் சிறு வித்தியாசமே 117 விநாடி ஆகிவிடும். புரோகிராமைச் சிறிது நேரம் தூங்க வைக்கும் ஸ்லீப் போட்டு எண்ணாதீர்கள், தூங்கி எழும் தாமதமும் சேர்ந்துகொண்டே போகும். தொடக்கத்திலிருந்து கடந்த நேரத்தை வைத்து, இதற்குள் எத்தனை டிக் போயிருக்க வேண்டும் என்று கணக்கிட்டு, குறைவதை அனுப்புங்கள். கடந்த நேரத்தை அளக்க லினக்ஸில் கிளாக்_மோனோடோனிக், விண்டோஸில் க்வெரிபெர்ஃபார்மன்ஸ்கவுன்டர். சுவர்க் கடிகார நேரம் வேண்டாம். நெட்வொர்க் அதைத் திருத்தும்போது டிக்கும் குதிக்கும். நானோசெகண்டை அப்படியே 11,93,182-ஆல் பெருக்கினால் குறியுள்ள (சைன்டு) 64 பிட் எண் 2 மணி 8 நிமிடத்தில் நிரம்பி வழியும். முழு விநாடியையும் மீதியையும் தனித்தனியே பெருக்கிக் கூட்டுங்கள்.