அவர் எந்த ஊர்க்காரர்? (வாசகர் கேள்வி பதில்)

கேள்வி: சென்னையின் புகழ்பெற்ற மனிதர்கள் என்று யார் பட்டியல் போட்டாலும் விஸ்வநாதன் ஆனந்த் பெயர் வந்துவிடுகிறது. அவர் பிறந்தது எங்கள் ஊரில். இது நியாயமா?
- வாசகர், மயிலாடுதுறை

பதில்: 1969 டிசம்பரில் அவர் மயிலாடுதுறையில் பிறந்ததை யாரும் மறுக்கவில்லை சார். ஆனால் நாற்று விட்ட இடம் ஒன்று, நட்ட வயல் இன்னொன்று என்பது டெல்டாக்காரரான உங்களுக்கு நான் சொல்லியா தெரிய வேண்டும்? செஸ் ஆட்டத்தைச் சொல்லிக்கொடுத்தது அம்மா. அப்புறம் சென்னையில் சோவியத் கலாச்சார மையத்தில் நடந்த தால் செஸ் கிளப். அங்கே தோற்றவர் எழுந்து போய் தன் முறைக்குக் காத்திருக்க வேண்டும், ஜெயித்தவர் உட்கார்ந்தபடியே அடுத்த ஆளோடு ஆடலாம், அதனால் நாற்காலி கைவிட்டுப் போகக்கூடாது என்றால் சடசடவென்று யோசித்தே ஆக வேண்டும். அவருடைய மின்னல் வேகத்துக்கு அந்த நாற்காலியும் ஒரு காரணம் என்பது என் கட்சி. 1988-ல் இந்தியாவின் முதல் கிராண்ட்மாஸ்டர் ஆனார்.

ஆனந்தைத் திருப்பிக் கேட்டால் கொடுத்துவிடுகிறோம். 2024 டிசம்பரில், 18 வயதில் உலக சாம்பியன் ஆன குகேஷ் சென்னையிலேயே பிறந்தவர். பிரக்ஞானந்தாவும் அவர் அக்கா வைஷாலியும் அப்படித்தான். பதிலுக்கு நாங்களும் ஒருவரைக் கேட்போம். புதுச்சேரியின் அடையாளமாகிவிட்ட ஆனந்தரங்கப் பிள்ளை, பிரெஞ்சு கவர்னர் துய்ப்ளெக்ஸின் துபாஷி (மொழிபெயர்ப்பாளர்), 1736-லிருந்து 25 வருடம் நாட்குறிப்பு எழுதியவர், 1709-ல் பிறந்தது நம்ம பெரம்பூரில்!

கேள்வி: கணக்கு மேதை ராமானுஜனை ஃபெயில் ஆக்கியதைத் தவிர சென்னை அவருக்கு என்ன செய்தது?
- வாசகி, கும்பகோணம்

பதில்: அம்மா, அவர் முதலில் உதவித்தொகையைப் பறிகொடுத்தது உங்கள் ஊர்க் கல்லூரியில். கணக்கைத் தவிர வேறு பாடம் எதையும் திரும்பிப் பார்க்காததால் வந்த வினை. பச்சையப்பன் கல்லூரிக்கு வந்தும் கதை மாறவில்லை, எஃப்.ஏ. (பி.ஏ.வுக்கு முந்தைய படிப்பு) தேறவில்லை. காகிதம் வாங்கக் காசு இல்லாமல் பலகையில் எழுதி, முழங்கையாலேயே அழித்து, முடிவை மட்டும் நோட்டில் ஏற்றினார் (வழிமுறையும் இருந்திருந்தால் பின்னால் வந்தவர்களுக்குத் தலைவலி குறைந்திருக்கும்).

1912 மார்ச்சில் சென்னைத் துறைமுகத்தில் கணக்குப் பிரிவு குமாஸ்தா வேலை கிடைத்தது. மாதம் 30 ரூபாய். அடுத்த ஜனவரியில் கேம்பிரிட்ஜின் கணித அறிஞர் ஹார்டிக்குப் போன புகழ்பெற்ற கடிதத்தில் அவர் தன்னை அறிமுகம் செய்துகொண்டதே அந்தக் குமாஸ்தாவாகத்தான். அதன் பிறகு பட்டமே இல்லாத அவருக்குச் சென்னைப் பல்கலைக்கழகம் மாதம் 75 ரூபாய் உதவித்தொகை கொடுத்தது, இன்றைய விதிமுறைகளில் அந்த விண்ணப்பம் முதல் மேஜையைத் தாண்டியிருக்காது. கடைசியில் 1920-ல், 32 வயதில், சேத்துப்பட்டில் காலமானார். ஃபெயில் போட்டதும் நாங்கள்தான், சோறு போட்டதும் நாங்கள்தான்.

கேள்வி: மயிலாப்பூர், அடையாறு தாண்டி உங்களுக்கு ஆளே தெரியாதா? வடசென்னையில் யாருமே பிறக்கவில்லையா?
- வாசகர், ராயபுரம்

பதில்: இந்தக் கோபம் எனக்கும் உண்டு. அமெரிக்க கம்பெனித் தலைவர்கள் பெயரை வரிசையாக ஒப்பிக்கிற பிள்ளைகளிடம் வீணை தனம்மாள் யார் என்று கேட்டுப் பாருங்கள், முழிப்பார்கள். 1867-ல் ஜார்ஜ் டவுனில் பிறந்தவர். வெள்ளிக்கிழமை சாயங்காலம் அவர் வீட்டில் வாசிப்பு, பெரிய வித்வான்கள் எல்லாம் வந்து தரையில் உட்காருவார்கள், மைக் கிடையாது, வீணையின் நாதமோ மெல்லிசு, அதனால் ஒருவர் தொண்டையைச் செருமினாலும் கெட்டது. முதுமையில் பார்வை போன பிறகும் வாசிப்பு நிற்கவில்லை. அவர் பேத்திதான் பரதநாட்டிய பாலசரஸ்வதி. 1973-ல் மியூசிக் அகாடமி முதன்முறையாக ஒரு நாட்டியக் கலைஞருக்கு சங்கீத கலாநிதி விருது கொடுத்தது அவருக்குத்தான்.

கேள்வி: பிறப்பு, வாழ்வு, வேலை எல்லாமே சென்னையில்தான் என்று சொல்ல ஒருத்தராவது உண்டா?
- வாசகி, கோவை

பதில்: சிங்காரவேலர். 1860-ல் சென்னை மீனவர் குடும்பத்தில் பிறந்து, வக்கீலாகி, காந்தி அழைத்ததும் கோர்ட்டை விட்டு வந்தவர். 1923 மே 1-ம் தேதி இந்தியாவின் முதல் மே தினத்தைக் கொண்டாட அவர் தேர்ந்தெடுத்ததும் கடற்கரையைத்தான்: உயர் நீதிமன்றத்துக்கு எதிரே ஒரு கூட்டம், திருவல்லிக்கேணிக் கடற்கரையில் ஒன்று. செங்கொடி கிடைக்காமல் மகளின் சிவப்புப் புடவையைக் கிழித்துக் கட்டினார் என்பார்கள்.

இப்போது மெரினாவில் உழைப்பாளர் சிலை நிற்கிறதே, அதைச் செய்த தேவி பிரசாத் ராய் சௌத்ரி வங்காளத்தில் பிறந்து, இங்கே ஓவியப் பள்ளி முதல்வராக இருந்தவர். மயிலாடுதுறை வாசகர் மன்னிக்க வேண்டும், அவரையும் எங்கள் கணக்கில் எழுதிக்கொள்கிறேன்.