கடவுள் பட்சபாதம் இல்லாதவர் என்றால், சிலரைத் தெரிந்துகொள்வதும் கடைசி நேரத்தில் மன்னிப்பதும் எந்த நியாயம்?

கேள்வியைச் சுருக்கமாக இப்படிச் சொல்லலாம். தேவனிடத்தில் பட்சபாதமில்லை என்று வேதம் பல இடங்களில் சொல்கிறது. அப்படியிருக்க, அவர் இஸ்ரவேலை மட்டும் தம் ஜனமாகத் தெரிந்துகொண்டது, அதாவது தேர்ந்தெடுத்தது, ஏன்? இயேசுவின் பக்கத்தில் சிலுவையில் தொங்கிய கள்வன் சாகும் தறுவாயில் ஒரு வேண்டுதலைச் சொல்லிப் பரதீசுக்குப் போவது எப்படி நியாயமாகும்? கடவுளின் வழிகள் மனிதனுக்குப் புரியாது என்று சொல்லி இதைக் கடந்துவிடுகிறவர்கள் உண்டு. வேதமே இதை நேருக்கு நேர் பேசுகிறது என்பதால் அந்தப் பதிலை நான் எடுக்கவில்லை.

வேதம் எதைப் பட்சபாதம் என்று கண்டிக்கிறது என்பதிலிருந்து தொடங்க வேண்டும். லேவியராகமம் 19:15, நியாயம் தீர்க்கிறவன் பெரியவனுக்கு அஞ்சக்கூடாது என்பதோடு, சிறியவன் என்பதற்காகத் தாட்சிணியம் காட்டவும் கூடாது என்கிறது. உபாகமம் 10:17 கர்த்தர் பட்சபாதம் பண்ணாதவர், பரிதானம் (லஞ்சம்) வாங்காதவர் என்று சொன்ன கையோடு, அடுத்த வசனம் அவர் திக்கற்ற பிள்ளைக்கும் விதவைக்கும் நியாயம் செய்கிறவர், அந்நியனுக்கு உணவும் உடையும் கொடுக்கிறவர் என்று தொடர்கிறது. குலம், பணம், பதவி ஆகியவை தீர்ப்பை அசைக்கக் கூடாது என்பதுதான் இங்கே கேட்கப்படுவது. எல்லாருக்கும் ஒரே படியில் அளந்து கொட்ட வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை.

இஸ்ரவேலைத் தெரிந்துகொண்டதைப் பற்றிய கேள்விக்கு ஆமோஸின் புத்தகத்தைவிடக் கூர்மையான பதிலை நான் வேறெங்கும் படித்ததில்லை. கி.மு. 8ஆம் நூற்றாண்டில், தென்நாடான யூதாவின் தெக்கோவாவைச் சேர்ந்த இந்த மேய்ப்பர் வடநாட்டு இஸ்ரவேலை நோக்கித் தீர்க்கதரிசனம் சொல்கிறார். தமஸ்கு, காசா, தீரு, ஏதோம், அம்மோன், மோவாப் என்று சுற்றியிருந்த அண்டை நாடுகளை ஒவ்வொன்றாகக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றும்போது கேட்டவர்கள் மகிழ்ந்திருப்பார்கள். இதில் மோவாபின்மேல் சாட்டப்படும் குற்றம் கவனிக்கத்தக்கது: ஏதோம் ராஜாவின் எலும்புகளைச் சுண்ணாம்பாகச் சுட்டெரித்தார்கள் என்பது அது. பாதிக்கப்பட்டது இஸ்ரவேல் அல்ல. இஸ்ரவேலின் பகை நாடு. தம்மை வணங்காத ஒரு நாடு, தம்மை வணங்காத இன்னொரு நாட்டின் இறந்துபோன அரசனுக்கு இழைத்த அவமானத்தையும் கடவுள் நியாயாதிபதியாக நின்று வழக்காக எடுத்துக்கொள்கிறார். பிறகு யூதாவின் முறை வருகிறது. கடைசியில், எல்லாவற்றிலும் நீளமான குற்றப்பத்திரிகை இஸ்ரவேலின்மேலேயே வாசிக்கப்படுகிறது. நீதிமானைப் பணத்துக்கும் எளியவனை ஒரு ஜோடு பாதரட்சைக்கும் விற்றார்கள் என்பது அதன் முதல் குற்றம். தெரிந்துகொள்ளப்பட்டவர்கள் என்ற பெருமைக்கு ஆமோஸ் 3:2 தரும் பலன் இதுதான்: உங்களை மாத்திரம் அறிந்துகொண்டேன், ஆகையால் உங்களைத் தண்டிப்பேன். அந்த "ஆகையால்" என்ற இடத்தில் சலுகையை எதிர்பார்த்துக் காத்திருந்தவனுக்குக் கூடுதல் பொறுப்பு வந்து சேர்கிறது.

புதிய ஏற்பாடும் இதே கணக்கைத்தான் வைத்திருக்கிறது. எஜமானுடைய சித்தத்தை அறிந்தும் செய்யாத ஊழியக்காரனுக்கு அநேக அடிகள், அறியாமல் செய்தவனுக்குச் சில அடிகள் என்று லூக்கா 12இல் இயேசு சொல்கிறார். நியாயப்பிரமாணம் (மோசேயின் சட்டம்) உள்ளவன் அதன்படியும், இல்லாதவன் அது இல்லாமலும் தீர்க்கப்படுவான் என்று ரோமர் 2இல் பவுல் எழுதுகிறார். தண்டனையின் அளவு ஆளுக்கு ஆள் மாறுகிறது. அறிந்ததற்கும் செய்ததற்கும் தக்கபடி என்ற அளவுகோல் மாறவில்லை.

இரக்கத்தைப் பற்றிய கேள்வி இதைவிடக் கடினமானது. மத்தேயு 20இல் வரும் திராட்சத்தோட்ட உவமையை ஞாயிறு பள்ளியில் சொல்லும்போதெல்லாம், பிள்ளைகள் தயங்காமல் காலையில் வந்த கூலியாட்கள் பக்கம் நின்றுகொள்கிறார்கள். விடியற்காலத்தில் வந்தவனுக்கும் ஒரு பணம், மாலை ஐந்து மணிக்கு வந்தவனுக்கும் ஒரு பணம் என்பது அவர்களுக்குப் பொறுக்கவில்லை. அந்தப் பணம் என்பது ஒரு கூலியாளின் ஒரு நாள் கூலி. அன்றைக்கு வீட்டில் அடுப்பு எரிய அது தேவை, அதனால்தான் பொழுது சாயும் முன்பே கூலியைக் கொடுத்துவிட வேண்டும் என்று உபாகமம் கட்டளையிடுகிறது. மாலையில் வந்தவர்கள் சோம்பேறிகள் என்றும் உவமை சொல்லவில்லை. ஏன் சும்மா நிற்கிறீர்கள் என்று கேட்டதற்கு, ஒருவரும் எங்களுக்கு வேலை கொடுக்கவில்லை என்கிறார்கள். காலையில் வந்தவர்களுக்குப் பேசிய கூலியில் ஒரு காசும் குறையவில்லை. முதலில் அவர்களுக்குக் கொடுத்து அனுப்பியிருந்தால் மகிழ்ச்சியோடு வீட்டுக்குப் போயிருப்பார்கள். எஜமான் வேண்டுமென்றே பிந்தி வந்தவர்களிலிருந்து தொடங்கி அவர்களைப் பார்க்க வைக்கிறார். அவர்கள் முறையிடுவது நஷ்டத்தைப் பற்றி அல்ல. "எங்களுக்கு இவர்களைச் சமமாக்கினீரே" என்பதுதான் அவர்களுடைய குறை.

இந்தக் குறை நம் ஊர்த் திருச்சபைக்கும் புதிதல்ல. திருநெல்வேலிச் சீமையின் வடக்கன்குளத்தில் கத்தோலிக்கர்கள் ஒரே பீடத்தை நோக்கி, சாதிக்கு ஒரு பக்கமாகச் சுவரால் பிரிந்து நின்று வழிபட்டார்கள். 1910இல் தடுப்பு அகற்றப்பட்டபோது, அதுவரை தனி இடம் அனுபவித்தவர்கள் வழக்குத் தொடுத்தார்கள். சென்னை உயர் நீதிமன்றம் அவர்கள் கோரிக்கையை ஏற்கவில்லை. அவர்களிடமிருந்து நற்கருணையோ ஜெபமோ பறிக்கப்படவில்லை. பக்கத்தில் இன்னொருவர் நிற்க நேர்ந்தது, அவ்வளவுதான்.

ஆனால் கள்வனை மன்னித்தால் அவனால் பாதிக்கப்பட்டவனுக்கு என்ன நியாயம் என்ற கேள்வி அப்படியே நிற்கிறது. அந்தக் கள்வன் சிலுவையிலிருந்து இறக்கிவிடப்படவில்லை என்பதைப் பலர் கவனிப்பதில்லை. நாம் நியாயப்படி தண்டிக்கப்படுகிறோம் என்று அவனே ஒப்புக்கொள்கிறான். யோவானின் சுவிசேஷத்தின்படி, பின்னர் அவன் கால் எலும்புகளும் முறிக்கப்பட்டன. மன்னிப்புப் பெற்ற தாவீது ராஜாவிடமும், பட்டயம் (வாள்) உன் வீட்டை விட்டு விலகாது என்றே தீர்க்கதரிசி நாத்தான் சொல்கிறார். தன் போர்வீரன் உரியாவைக் கொல்வித்தவன் ராஜா என்பதால் தீர்ப்பு மென்மையாகிவிடவில்லை. வரி வசூலிப்பவனான சகேயு அநியாயமாக வாங்கியதை நாலு மடங்காகத் திரும்பக் கொடுக்கிறான். இரக்கம் கணக்குப் புத்தகத்தைக் கிழித்தெறிந்துவிடுகிறது என்று இந்த மூன்று பேரின் கதையையும் படித்தவர் சொல்ல முடியாது. இருந்தாலும், பிழைத்திருந்து திருப்பிக் கொடுக்கச் சகேயுவுக்குக் கிடைத்த அவகாசம் கள்வனுக்குக் கிடைக்கவில்லை. அவன் கொள்ளையிட்ட வீட்டாருக்கு இந்தப் பூமியில் எதுவும் திரும்பி வரவில்லை. அந்த இழப்பைச் சிலுவையில் கடவுள் தாமே ஏற்றார் என்பது கிறிஸ்தவ விசுவாசம். அதை ஏற்காதவருக்கு இந்தப் பதில் போதாது என்பதையும் ஒத்துக்கொள்கிறேன்.

மிகவும் முரண்டு பிடிக்கும் பகுதி ரோமர் 9. இரட்டையரில் பிறக்கும் முன்னே யாக்கோபு தெரிந்துகொள்ளப்பட்டான், ஏசா விடப்பட்டான் என்ற வசனங்களை வைத்து, யார் இரட்சிக்கப்படுவார் என்பதைக் கடவுளின் தெரிவே தீர்மானிக்கிறது என்ற கால்வின் வழி வந்தவர்களும், மனிதனின் பதிலுக்கும் அதில் இடம் உண்டு என்ற அர்மினியஸ் வழி வந்தவர்களும் கடுமையாக மோதினார்கள். 1618-19இல் நெதர்லாந்தின் டார்ட் நகரில் கூடிய சபைச் சங்கம் அர்மினியஸ் தரப்பை நிராகரித்ததோடும் அந்த வாதம் ஓயவில்லை. 9ஆம் அதிகாரத்திலேயே நின்றுவிட்டதுதான் அந்தச் சண்டையில் பாதி என்பது என் எண்ணம். பவுலின் வாதம் அங்கே முடியவில்லை. எல்லார்மேலும் இரக்கமாயிருக்கும்படி எல்லாரையும் கீழ்ப்படியாமைக்குள் அடைத்துப்போட்டார் என்று 11ஆம் அதிகாரம் 32ஆம் வசனம் வரை அது போகிறது. யாக்கோபின் சந்ததிக்கும் யூதரல்லாத புறஜாதியாருக்கும் ஒரே சிறை, ஒரே விடுதலை என்று அவர் முடிக்கிறார். ஏசாவைப் பற்றிய வசனத்தை அந்த முடிவின் வெளிச்சத்தில்தான் நான் வாசிக்கிறேன். டார்ட் சங்கத்தார் இதற்கு உடன்பட மாட்டார்கள்.