கண்ணாடி எதைப் பார்க்கிறது? வீட்டு உட்புறப் படங்கள் குறித்த வாசகர் கேள்விகள்

இம்முறை வந்த கேள்விகளில் பெரும்பாலானவை கண்ணாடியைப் பற்றியவை. ஆகவே எல்லோருக்கும் பொதுவாக ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். படத்தில் வேண்டாத பிம்பம் விழுந்தால், கேமராவைக் குறை சொல்வதற்கு முன்னால், அந்தக் கண்ணாடி எதைப் பார்த்துக்கொண்டிருக்கிறது என்று கண்டுபிடியுங்கள். ஒளி வந்த கோணத்திலேயே மறுபக்கம் திரும்பும் என்ற பள்ளிக்கூடப் பாடம்தான் இது. காரணமான பொருள் தெரிந்துவிட்டால், அதை மறைப்பதா, கண்ணாடியைத் திருப்புவதா, நாம் நகர்வதா என்பது மட்டுமே மீதி.

எங்கள் ஹாலில் ஜன்னலுக்கு நேர் எதிரே கண்ணாடி போட்ட தஞ்சாவூர் ஓவியம் மாட்டியிருக்கிறோம். எங்கே நின்று எடுத்தாலும் கிருஷ்ணர் முகத்தில் ஜன்னல் கம்பி விழுகிறது. கண்ணாடியைக் கழற்றிவிட்டு எடுக்கலாமா?

கழற்ற வேண்டாம். பழைய ஓவியமாக இருந்தால், ஈரத்தில் வண்ணமோ தங்க ரேக்கோ கண்ணாடியின் உட்புறத்தில் ஒட்டிக்கொண்டிருக்கலாம். கண்ணாடியை எடுக்கும்போது அதுவும் சேர்ந்து பெயர்ந்துவிடும்.

சாதாரணக் கண்ணாடி, நேராக வந்து விழும் ஒளியில் ஒரு பரப்புக்கு ஏறக்குறைய 4 சதவீதம் வீதம், இரு பரப்புகளிலுமாக 8 சதவீதத்தைத் திருப்பி அனுப்புகிறது. கேட்பதற்கு இது அற்பமாகத் தோன்றும். ஆனால் ஜன்னல் ஓவியத்தைவிட 50 மடங்கு பிரகாசமாக இருந்தால், அந்த 8 சதவீதமே ஓவியத்தின் பிரகாசத்தைப் போல் நான்கு மடங்காகிவிடும். கிருஷ்ணர் தோற்றுப்போவது இதனால்தான்.

ஓவியத்தை மட்டும் எடுப்பதானால், ஜன்னலைச் சாத்தி அதன் மேல் அடர்நிறப் போர்வை ஒன்றைத் தொங்கவிடுங்கள். ஓவியத்தின் இடப்புறமும் வலப்புறமும் ஒரே வகை விளக்குகள் இரண்டை, ஓவியப் பரப்புக்கு 45 பாகை அல்லது அதற்கும் குறைவான கோணத்தில் வையுங்கள். அப்போது கண்ணாடியில் பட்டுத் திரும்பும் ஒளி எதிர்ப்பக்கச் சுவருக்குப் போய்விடும். நேரே நிற்கும் கேமராவுக்கு வராது. கேமராவே பிம்பமாகத் தெரிந்தால், ஒரு கறுப்புத் துணியில் லென்ஸ் நுழையும் அளவுக்கு ஓட்டை போட்டு முன்னால் கட்டிக்கொள்ளலாம்.

இதில் ஒரு சிக்கல் உண்டு. சுற்றிலும் இருட்டாக்கிவிட்டால் தங்க ரேக்கும் இருண்டு, சேறு பூசியது போலக் காட்சியளிக்கும்; தங்கம் மின்ன வேண்டுமானால் அது பார்ப்பதற்கு வெளிச்சமான பொருள் ஒன்று வேண்டும். நல்லவேளையாக, தஞ்சாவூர் ஓவியத்தில் ரேக்கு ஒட்டிய பகுதிகள் புடைப்பாக இருப்பதால் அவற்றின் சரிவுகள் பல திசைகளைப் பார்க்கின்றன. பக்கவாட்டில் ஒரு வெள்ளைத் தெர்மாகோல் பலகையைப் பிடித்து மெல்ல நகர்த்திப் பாருங்கள். ஓர் இடத்தில் தட்டையான கண்ணாடியில் பலகை தெரியாது, ஆனால் கிரீடமும் ஆரமும் மட்டும் பளிச்சென்று எழும். அந்த இடத்திலேயே பலகையை நிறுத்திவிடுங்கள்.

ஹால் முழுவதையும் எடுக்கும்போது ஜன்னலை மூட முடியாது. அப்போது சட்டத்தின் மேல்விளிம்புக்குப் பின்னால் மடித்த அட்டையைச் செருகி, ஓவியத்தைச் சற்று முன்பக்கம் சாயுங்கள். கண்ணாடி 5 பாகை சாய்ந்தால் பிம்பம் 10 பாகை நகரும். ஜன்னல் இருந்த இடத்தில் இருண்ட தரை வந்துவிடும். பூஜையறைப் படங்களுக்கும் இதே வைத்தியம்தான்.

கடைக்காரர் சொன்னதை நம்பி, பிம்பத்தைக் குறைக்க லென்ஸின் முன்னால் மாட்டிச் சுழற்றும் போலரைசர் ஃபில்டரை வாங்கினேன். பீரோ கண்ணாடியில் நான் தெரிவது கொஞ்சமும் குறையவில்லை. ஏமாற்றிவிட்டார்களா?

இல்லை. குழப்பம் நம் மொழியிலும் இருக்கிறது: ஜன்னலில் இருப்பதும் கண்ணாடி, முகம் பார்ப்பதும் கண்ணாடி. ஜன்னல் கண்ணாடியின் வழவழப்பான பரப்பில் சாய்வாகப் பட்டுத் திரும்பும் ஒளி பெரும்பாலும் ஒரே தளத்தில் அதிர்வதால், போலரைசரைச் சுழற்றி அதைத் தடுக்க முடிகிறது. முகம் பார்க்கும் கண்ணாடியில் ஒளியைத் திருப்புவது பின்னால் பூசிய உலோகம். உலோகத்தில் பட்ட ஒளி அப்படி ஒழுங்குபடுவதில்லை. ஆகவே எந்தப் போலரைசரும் அங்கே பயன்படாது.

ஜன்னல் கண்ணாடியிலும் நேராக நின்றால் பயன் கிடையாது. கண்ணாடிப் பரப்பிலிருந்து சுமார் 34 பாகைச் சாய்வில் பார்க்கும்போதுதான் முழுப் பலன் கிடைக்கும். ஒன்று முதல் இரண்டு ஸ்டாப் வரை (ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் பாதியாவது) வெளிச்சமும் குறைவதால் முக்காலி அவசியம். குளியலறைத் தடுப்புகளில் போடும் டஃபன்ட் கண்ணாடியில் போலரைசர் கறுப்புப் புள்ளிகளையும் திட்டுகளையும் எழுப்பிக் காட்டுவதுண்டு. அது கறையல்ல, கண்ணாடியைச் சூடாக்கிக் குளிர்வித்தபோது உள்ளே தங்கிய இறுக்கம். அங்கே போலரைசரைக் கழற்றிவிடுவதே நல்லது.

பீரோவுக்கு வழி, நீங்கள் இடம் மாறுவதுதான். கண்ணாடியில் வெறும் சுவரோ திரைச்சீலையோ தெரியும் வரை பக்கவாட்டில் நகருங்கள். நேர்முகமாக எடுத்தது போலவே வேண்டுமானால், கேமராவைப் பீரோவை நோக்கித் திருப்பாமல் சுவருக்கு இணையாகவே வைத்து, அகலமாக எடுத்துப் பிறகு ஓரத்தை வெட்டிவிடுங்கள். பிம்பம் கூர்மையாகத் தெரிய வேண்டுமென்றால் பீரோவின் சட்டத்தில் ஃபோகஸ் செய்யாதீர்கள். பிம்பம் இருப்பது கண்ணாடிக்கு அப்பால்: உங்களுக்கும் கண்ணாடிக்கும் உள்ள தூரத்தோடு, கண்ணாடிக்கும் பொருளுக்கும் உள்ள தூரத்தையும் கூட்டிக்கொள்ள வேண்டும்.

நானும் ஒரு முறை பெரிய கண்ணாடிகளை எல்லாம் சரிபார்த்துவிட்டு நிம்மதியாகப் படத்தைக் கொடுத்தேன். வீட்டுக்கார அம்மா படத்தைப் பெரிதாக்கி, பித்தளைக் குடத்தின் வயிற்றில் முக்காலியோடு நான் வளைந்து நிற்பதைக் காட்டினார். அன்றிலிருந்து குடம், குழாய், கதவுப் பிடி எல்லாவற்றையும் பார்த்த பிறகே ஷட்டரைத் தொடுகிறேன்.

வாடகைக்கு விடுவதற்காக ஃபிளாட்டை மொபைலில் எடுக்கிறேன். ஜன்னல் வெளுத்துப் போகிறது. அதைச் சரிசெய்தால் அறை இருட்டாகிவிடுகிறது.

உள்ளும் புறமும் உள்ள வெளிச்ச வித்தியாசத்தை முதலில் நேரத்தைக் கொண்டு குறையுங்கள். மேற்கு பார்த்த ஜன்னலைக் காலையிலும், கிழக்கு பார்த்ததைப் பிற்பகலிலும் எடுங்கள். மிக அழகான நேரம் சூரியன் மறைந்த பின் வரும் நேரம். நம் ஊரில் அது சுமார் 20 நிமிடங்களே நீடிக்கும் என்பதால், அறையை முன்கூட்டியே ஒழுங்குசெய்து முக்காலியில் தயாராக நில்லுங்கள். பகலில்தான் எடுக்க முடியும் என்றால் வெவ்வேறு வெளிச்ச அளவில் எடுத்த படங்களை மொபைலே ஒன்றாக இணைக்கும் எச்டிஆர் வசதியைப் பயன்படுத்துங்கள். கேமராவாக இருந்தால் இரண்டு ஸ்டாப் இடைவெளியில் மூன்று படங்கள் எடுத்து இணையுங்கள். பிளாஷ் மட்டும் வேண்டாம். ஜன்னல் கண்ணாடியில் வெள்ளைப் பொட்டாக வந்து உட்காரும்.

ஒரே படத்தில் ஒரு சுவர் மஞ்சளாகவும் மறு சுவர் நீலமாகவும் வருகிறது. சில படங்களில் குறுக்கே கறுப்புப் பட்டைகளும் விழுகின்றன.

ஒளியின் நிறத்தைக் கெல்வின் என்ற அலகில் சொல்வார்கள்; எண் கூடக்கூட நீலம் கூடும். மஞ்சள் எல்இடி பல்பு 2700 முதல் 3000 கெல்வின், வெள்ளை டியூப் 6500 கெல்வின், பகல் வெளிச்சம் ஏறக்குறைய 5500 கெல்வின். இத்தனையும் ஒன்றாக எரியும்போது கேமராவில் நிறத்தைச் சரிசெய்யும் எந்த ஒயிட் பேலன்ஸ் அமைப்பாலும் எல்லாவற்றையும் திருப்திப்படுத்த முடியாது. ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவற்றை அணையுங்கள். பகலில் எல்லா விளக்குகளையும் அணைத்துவிட்டு எடுப்பதே என் வழக்கம். "லைட் எரிந்தால்தானே வீடு நன்றாக இருக்கும்" என்பவர்களோடு வாதாடாமல், இரண்டு விதமாகவும் எடுத்துக் காட்டிவிடுகிறேன்.

பட்டைகளுக்குக் காரணம் மின்சாரம். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் ஆதலால் பல விளக்குகள் நொடிக்கு 100 முறை மினுக்குகின்றன. ஷட்டர் வேகத்தை 1/50 அல்லது 1/100 நொடியில் வைத்தால் பட்டைகள் பெரும்பாலும் மறைந்துவிடும்.

செட்டிநாட்டு வீடு ஒன்றை எடுக்கப் போகிறேன். ஆத்தங்குடிக் கல் பதித்த தரை பளபளத்து வடிவமே தெரியாமல் போய்விடுமோ என்று பயம்.

அந்தப் பளபளப்பு, முற்றத்தின் வழியே தரை பார்க்கும் வானம். உச்சிவெயில் முற்றத்தில் இறங்கும்போது போகாதீர்கள். வெயில் கூரையின் ஓடுகளைத் தாண்டி உள்ளே இறங்காத காலை நேரத்தில் வானம் மென்மையாக ஒளி தரும். தரையைச் சாய்வாகப் பார்ப்பதால் போலரைசர் நன்றாகவே வேலை செய்யும். ஆனால் முழுவதும் சுழற்றிப் பளபளப்பைத் துடைத்துவிட்டால் அது சாதாரண சிமெண்டுத் தரை போலாகிவிடும். முக்கால்வாசி வரை சுழற்றி, தூண்களின் நிழலுருவம் தரையில் லேசாக மிதக்கும் அளவில் நிறுத்துங்கள். கேமராவை இடுப்பு உயரத்துக்கு இறக்கினால் வானத்தின் பிம்பம் பெருகும், ஏற்றினால் குறையும்; தரையின் பூ வடிவம் வேண்டுமானால் உயரத்தைக் கூட்டுங்கள்.

டிவி திரை?

அணைத்துவிட்டு, அது பார்க்கும் ஜன்னலின் திரைச்சீலையை மூடுங்கள்.

இரவில் பால்கனிக் கண்ணாடிக் கதவின் வழியே ஊரின் விளக்குகளை எடுக்கும்போது எங்கள் சோபாவே தெரிகிறது.

அறை விளக்குகளை அணைத்துவிட்டு, மொபைலின் லென்ஸைக் கண்ணாடியில் ஒட்டிவையுங்கள். கேமராவானால் லென்ஸின் முன்னால் ரப்பர் ஹுட் (வளையம் போன்ற மறைப்பு) பொருத்திக் கண்ணாடியோடு அழுத்துங்கள். சார்ஜரிலும் ரௌட்டரிலும் எரியும் சின்ன விளக்குகளின் மேல் ஒரு துண்டைப் போட்டு மூடிவிடுங்கள். வானத்தில் பச்சை நட்சத்திரமாகத் தெரிவது பெரும்பாலும் அவைதாம்.