ஏ.எல்.லில் டிசைன் படிக்க எந்தத் துறையில் சேர்ப்பது?

வெள்ளவத்தையிலிருந்து ஒரு தாய் கேட்டிருக்கிறார்: "மகள் ஓ.எல். எழுதிவிட்டுப் பெறுபேற்றுக்காகக் காத்திருக்கிறாள். தமிழ் மொழிமூலம். மெல்பேர்னில் என் தங்கையின் மகள் பன்னிரண்டாம் ஆண்டில் விஷுவல் கொமியூனிகேஷன் டிசைன் படிக்கிறாள். இவளும் அதையே படிக்க வேண்டுமென்று நிற்கிறாள். இங்கே அப்படி ஒரு பாடம் உண்டா? இவளுடைய அப்பாவுக்கு வணிகத்துறைதான் விருப்பம். லண்டன் ஏ.எல்.லுக்கு மாற்றலாமா? நல்ல லேப்டொப் வாங்கி, கிராபிக் டிசைன் கோர்ஸ் ஒன்றில் சேர்த்துவிடட்டுமா?"

அந்தப் பெயரில் நம்முடைய உயர்தரத்தில் (ஏ.எல்.) பாடம் கிடையாது. மெல்பேர்ன் இருக்கும் விக்டோரியா மாநிலத்தில் அது தனிப் பாடம். செய்தி, பொருள், இடம், திரையில் மனிதர் தொட்டுப் பயன்படுத்தும் அனுபவம் என நான்கு பக்கமும் வடிவமைப்பைப் பார்க்கிறார்கள். வருடம் முழுவதும் தன் வேலைகளை ஒரு கோப்பாக (போர்ட்ஃபோலியோ) சேர்க்க வேண்டும், கடைசியில் எழுத்துப் பரீட்சையும் உண்டு. இங்கே அதன் துண்டுகள் வேறு வேறு பாடங்களில் கிடக்கின்றன. சித்திரம், தொடர்பாடலும் ஊடகக் கற்கையும், தகவல் தொடர்பாடல் தொழினுட்பம் ஆகிய மூன்றும் நெருங்கியவை.

கலைத்துறையில் சித்திரம் எடுக்கலாம் என்பது எல்லோருக்கும் தெரியும். பலருக்குத் தெரியாத வழி தொழினுட்பத்துறை. அங்கே பொறியியல் தொழினுட்பத்தோடும் தொழினுட்பத்துக்கான விஞ்ஞானத்தோடும் மூன்றாவது பாடமாகச் சித்திரத்தையோ ஊடகக் கற்கையையோ எடுக்க இடமிருக்கிறது. பொருள் வடிவமைப்பில் ஆசையுள்ள பிள்ளைக்கு நல்ல சேர்க்கை. ஆனால் எல்லாப் பாடசாலையிலும் இந்தத் துறை இல்லை. இருந்தாலும் நேரசூசி இடம் கொடுக்க வேண்டும், அதை அதிபரிடம்தான் கேட்க வேண்டும். சித்திரம் எடுத்தால் வரைவது மட்டும்தான் என்றும் நினைக்கவேண்டாம், கலை வரலாறும் நிறையப் படிக்க வேண்டியிருக்கும்.

அப்பா சொல்வதையும் தட்டிவிட வேண்டாம். மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தின் வடிவமைப்புப் பட்டத்துக்கு எந்தத் துறையில் உயர்தரம் செய்தவரும் விண்ணப்பிக்கலாம். கணக்கியலில் கெட்டிக்காரியென்றால் வணிகத்துறையில் படித்து, நல்ல இசட் புள்ளி (பல்கலைக்கழக அனுமதிக்குப் பார்க்கும் உயர்தரப் புள்ளி) எடுத்து, பக்கத்தில் கோப்பைச் சேர்ப்பது புத்திசாலித்தனம். பிடிக்காத பாடத்தில் மூன்று 'எஸ்' (சாதாரண சித்தி) எடுப்பதைவிட அது எவ்வளவோ மேல்.

லண்டன் ஏ.எல். (பிரித்தானியப் பரீட்சைச் சபைகளின் உயர்தரம்) விஷயத்தில் நான் தயங்குவேன். கேம்பிரிட்ஜின் ஆர்ட் அண்ட் டிசைன் பாடத்தில் கிராபிக் கொமியூனிகேஷன் என்று ஒரு பிரிவு இருக்கிறது. தேடல், பரிசோதனை, இறுதி வேலை, அதைப் பற்றிய எழுத்து எல்லாவற்றுக்கும் புள்ளி உண்டு. மெல்பேர்ன் பாடத்துக்குக் கிட்டத்தட்ட இணையானது இதுதான். ஆனால் கட்டணம் ஒரு பக்கம், தமிழ் மொழிமூலத்திலிருந்து திடீரென ஆங்கிலத்துக்குத் தாவுவது இன்னொரு பக்கம். அதோடு இங்கிருந்தபடி லண்டன் ஏ.எல். எழுதுபவருக்கு இசட் புள்ளி இல்லை. அரச பல்கலைக்கழகத்தின் இலவச இடத்தை மறந்துவிட வேண்டியதுதான். வெளிநாட்டுக்கு அனுப்புவதென்று ஏற்கெனவே முடிவெடுத்த குடும்பத்துக்கு மட்டும் சரி.

லேப்டொப் இப்போதைக்கு வேண்டாம். சான்றிதழ் தரும் மூன்று மாதக் கோர்ஸும் வேண்டாம். அங்கே சொல்லிக்கொடுப்பது பெரும்பாலும் மென்பொருளின் பொத்தான்களை. இங்க்ஸ்கேப், கிரிட்டா என்ற வரையும் மென்பொருள்கள் இரண்டும் இலவசம்; வீட்டில் உள்ள பழைய கணினியிலேயே பழகலாம். அதற்கு முன்னால் வேண்டியது ஒரு தடித்த கொப்பியும் பென்சிலும்.

அந்தக் கொப்பியில் என்ன செய்வது? பிள்ளைகள் சாதாரணமாக இல்லாத கோப்பிக் கடைக்கு லோகோ வரைந்து நிரப்புவார்கள். அது யாருக்கும் உதவாது. ஒரு நிஜப் பிரச்சினையை எடுக்கச் சொல்லுங்கள். பார்மசியில் குளிசை போட்டுத் தரும் சின்னக் கடதாசி உறை இருக்கிறதே, அதையே எடுக்கலாம். காலை, பகல், இரவு, சாப்பாட்டுக்கு முன், பின் என்று பேனையால் கிறுக்கித் தருவார்கள். அம்மம்மாவுக்குப் புரியாது. மகள் முதலில் அம்மம்மாவிடம் எங்கே தடுமாறுகிறார் என்று கேட்டு எழுத வேண்டும். பிறகு பார்மசியில் நின்று, உறையில் எழுத அந்தத் தம்பிக்கு எவ்வளவு நேரம் கிடைக்கிறது என்று பார்க்க வேண்டும். அப்புறம் இருபது சிறிய கீறல் படங்கள், அதில் மூன்று மட்டும் பெரிதாக. அவற்றைக் கடதாசியில் வெட்டி ஒட்டி, வயதானவர்கள் சிலரிடம் கொடுத்து, என்ன விளங்கியது என்று சொல்லச் சொல்ல வேண்டும். சூரியனையும் நிலாவையும் போட்டால் போதுமென்று நினைத்திருப்பாள். நண்பகலுக்கு என்ன படம் போடுவது என்ற இடத்தில் மாட்டிக்கொள்வாள். அங்கேதான் படிப்பு ஆரம்பிக்கிறது. அச்சுச் செலவும் வரும். ஓப்செட் அச்சில் ஒவ்வொரு நிறத்துக்கும் தனித் தட்டு வேண்டும், ஆகவே ஒரே நிறத்தில் முடிக்க முடியுமா என்று யோசிப்பாள். பிழைத்துப்போன படங்களைக் கிழித்தெறிய விடாதீர்கள். கோப்பைப் பார்ப்பவர்கள் தேடுவது அவற்றைத்தான்.

உறையில் மூன்று மொழி வேண்டும். கொழும்பில் வளர்ந்த தமிழ்ப் பிள்ளைக்கு இது பெரிய பலம். மூன்று எழுத்துகளையும் ஒரே பொயின்ற் அளவில் வைத்தால் மூன்றும் ஒரே அளவாகத் தெரியாது. தமிழ்ச் சொற்கள் பக்கவாட்டில் நீளும், சிங்களத்துக்கு மேலும் கீழும் இடம் வேண்டும். ரூபாய்த் தாள் ஒன்றை எடுத்து மூன்று எழுத்தும் எங்கே, எவ்வளவு பெரிதாக உட்கார்ந்திருக்கின்றன என்று அடிமட்டத்தால் அளந்து பார்க்கட்டும். (1979இல் வந்த, பறவைகளும் விலங்குகளும் நிறைந்த தாள்களை வடிவமைத்தவர் லக்கி சேனாநாயக்க என்ற ஓவியர். பழைய தாள் கிடைத்தால் கட்டாயம் பாருங்கள்.)

எழுத்துரு பற்றி ஒரு எச்சரிக்கை. நம்மூர் அச்சகங்களில் பாமினி என்ற பழைய எழுத்துரு இன்னும் ஓடுகிறது. அது யூனிகோட் (எல்லாக் கணினிக்கும் பொதுவான எழுத்துக் குறியீடு) அல்ல. அதில் அடித்ததை இணையத்தில் ஒட்டினால் ஆங்கில எழுத்துக் குப்பையாக வரும். மகள் தொடக்கத்திலேயே யூனிகோடில் பழகட்டும். நோட்டோ சான்ஸ் தமிழ், கேட்டமரான், முக்தா மலர் எல்லாம் இலவசம்.

ஏ.எல்.லுக்குப் பிறகு மொறட்டுவை மட்டும்தான் என்றில்லை. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் மருதனார்மடத்தில் உள்ள, இராமநாதன் பெயரைத் தாங்கிய கலைப் பீடமும், மட்டக்களப்பு கல்லடியில் கிழக்குப் பல்கலைக்கழகத்தின் சுவாமி விபுலானந்த அழகியற் கற்கைகள் நிறுவகமும் காண்பியக் கலை கற்பிக்கின்றன. கொழும்பிலேயே கட்புல, அரங்கேற்றக் கலைகள் பல்கலைக்கழகம் இருக்கிறது. விண்ணப்பிக்கும் முன் பாடநெறியின் மொழிமூலத்தைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

மொறட்டுவைக்கு உளச்சார்புப் பரீட்சை (அப்டிடியூட் டெஸ்ட்) உண்டு. அதற்கான விண்ணப்பத்தைப் பல்கலைக்கழகமே தனியாகக் கோரும். பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவுக்குப் போடும் விண்ணப்பத்தோடு முடிந்துவிட்டதென்று இருந்து வாய்ப்பை இழக்க வேண்டாம். ஆணைக்குழுவின் மாணவர் கைநூல் வருடாவருடம் தமிழிலும் வருகிறது. பெறுபேறு வருவதற்குள் புதிய கைநூலை எடுத்து, வடிவமைப்புப் பகுதியில் ஓ.எல். கணிதம், ஆங்கிலம் பற்றிப் போட்டிருக்கும் நிபந்தனைகளை வாசித்துவிடுங்கள். மகளின் ஓ.எல். பெறுபேற்றை அதோடு ஒப்பிட்டுப் பார்த்த பிறகு துறையைத் தெரிவு செய்யலாம்.