மகளின் பெயரில் தந்தையின் கட்டுரை

கேள்வி: அம்மா, வணக்கம். என் ஒரே மகள் பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு எழுதி முடித்திருக்கிறாள். அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரில் உள்ள ரைஸ் பல்கலைக்கழகத்தில் அவளுக்கு இளநிலைப் படிப்புக்கு இடம் கிடைத்திருக்கிறது. உறவினர்களில் ஒருவருக்கும் அந்தப் பெயர் தெரியவில்லை. ‘அரிசிப் பல்கலைக்கழகமா?’ என்று கேட்டுச் சிரிக்கிறார்கள். தனியார் நிறுவனம், மாணவர் தொகையும் குறைவு என்பதால் எனக்கும் தயக்கமாக இருக்கிறது. அதன் வரலாறு, மரபு, கல்வித் தரம் ஆகியவற்றைப் பற்றித் தாங்கள் சொல்ல வேண்டும். மே 1ஆம் தேதிக்குள் முடிவைத் தெரிவித்தாக வேண்டும். இந்த இடத்துக்காக நான் பட்ட பாடு கொஞ்சமல்ல. அவளுக்கு எழுத்து வராது என்பதால் விண்ணப்பக் கட்டுரைகளைக்கூட நானே உட்கார்ந்து எழுதிக் கொடுத்தேன். ஒரு படம் இணைக்கச் சொல்லியிருந்தார்கள். அதை மட்டும் அவள் விருப்பத்துக்கு விட்டேன், பாட்டியின் கோல நோட்டிலிருந்து ஒரு பக்கத்தை வைத்தாள். இடம் கிடைத்த செய்தி வந்த நாளிலிருந்து அவள் வீட்டில் யாரோடும் சரியாகப் பேசுவதில்லை. பெயர் தெரியாத இடமாயிற்றே என்ற வருத்தம் அவளுக்கும் இருக்கும் என்று நினைக்கிறேன்.
— ஒரு தந்தை

பதில்: ஐயா, பிள்ளைகளின் வெளிநாட்டுப் படிப்பைப் பற்றி இந்தப் பகுதிக்கு வரும் கடிதங்களில் பெரும்பாலானவை, அந்தப் பல்கலைக்கழகத்தின் பெயர் நாலு பேர் நடுவில் எடுபடுமா என்ற ஒரே கேள்வியைத்தான் வேறு வேறு சொற்களில் கேட்கின்றன. உங்கள் கேள்விக்கும் பதில் சொல்கிறேன். ஆனால் உங்கள் கடிதத்தில் நீங்கள் கேள்வியாக எழுதாத, போகிற போக்கில் பெருமையோடு சொல்லிவிட்டுப் போன ஒரு வரி இருக்கிறது. கட்டுரைகளை நீங்களே எழுதிக் கொடுத்ததாகச் சொல்லும் அந்த வரியைப் படித்த பிறகு, தரவரிசையைப் பற்றிப் பேசுவதில் எனக்கு மனம் செல்லவில்லை.

முதலில் நீங்கள் கேட்டதை முடித்துவிடுகிறேன். ரைஸ் சிறியதுதான், இளநிலை மாணவர்கள் 5,000 பேர் அளவில்தான் இருப்பார்கள். ஆசிரியர் ஒருவருக்கு மாணவர் ஆறு பேர் என்ற கணக்கில் அங்கே பாடம் நடக்கிறது. வட அமெரிக்காவின் முன்னணி ஆய்வுப் பல்கலைக்கழகங்கள் மட்டுமே இடம்பெறும் சங்கத்தில் அது 1985 முதல் உறுப்பினர். அதே ஆண்டில், அறுபது கார்பன் அணுக்கள் பந்துபோல் இணைந்த மூலக்கூறு அங்கேதான் கண்டறியப்பட்டது. அதற்காக அங்கே பணியாற்றிய ராபர்ட் கர்ல், ரிச்சர்ட் ஸ்மாலி ஆகிய இருவரும், இங்கிலாந்திலிருந்து வந்து அவர்களோடு சேர்ந்து உழைத்த ஹாரி குரோட்டோவும் 1996இல் வேதியியலுக்கான நோபல் பரிசைப் பெற்றார்கள். சந்திரனுக்கு மனிதனை அனுப்பும் திட்டத்தைப் பற்றி அதிபர் கென்னடி 1962 செப்டம்பர் 12 அன்று ஆற்றிய புகழ்பெற்ற உரை, அந்தப் பல்கலைக்கழகத்தின் விளையாட்டரங்கில் நிகழ்த்தப்பட்டது. அமெரிக்கப் பல்கலைக்கழகங்களின் பட்டியல்களில் முதல் இருபதுக்குள் பல ஆண்டுகளாக அதன் பெயர் இருந்து வருகிறது. உங்கள் உறவினர்களுக்குத் தெரியவில்லை என்பது ரைஸின் குறை ஆகாது. பெயரைக் கேட்டுச் சிரித்த நாலு பேரின் அறிவை அளவுகோலாக வைத்து மகளின் நான்கு ஆண்டுகளை நிறுக்கப் பார்த்தது உங்கள் குறை. கல்வித் தரத்தைப் பற்றி இதற்கு மேல் சொல்ல ஏதுமில்லை.

நீங்கள் வரலாறும் கேட்டிருந்தீர்கள். அதைச் சற்று விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் அந்த வரலாறு உங்களுக்காகவே நடந்ததைப்போல எனக்குத் தோன்றுகிறது. வில்லியம் மார்ஷ் ரைஸ் என்பவர் ஹூஸ்டனில் வணிகம் செய்து பெரும் செல்வம் சேர்த்தவர். தம் செல்வத்தில் ஒரு கல்விக்கூடம் எழ வேண்டும் என்று 1891இல் அதற்கான சாசனத்தை எழுதி வைத்தார். தம் மறைவுக்குப் பிறகே அது தொடங்கப்பட வேண்டும் என்றும் ஏற்பாடு செய்தார். 1900 செப்டம்பர் 23 அன்று, தமது 84ஆம் வயதில், நியூயார்க்கில் தம் வீட்டில் உறங்கிக்கொண்டிருந்தபோது அவரது பணியாள் சார்லஸ் ஜோன்ஸ் குளோரோஃபார்ம் கொடுத்து அவரைக் கொன்றான். அவனை ஏவியவர் ஆல்பர்ட் பேட்ரிக் என்ற வழக்கறிஞர். ரைஸின் சொத்தில் பெரும்பகுதி தமக்கே வரும்படி, ரைஸ் எழுதியதாகவே ஓர் உயிலை பேட்ரிக் தயாரித்து வைத்திருந்தார். முதியவரின் கையெழுத்தோடு பேட்ரிக்கின் பெயருக்கு எழுதப்பட்ட காசோலை ஒன்று வங்கிக்கு வந்தபோது, அதில் ஆல்பர்ட் என்ற பெயரில் ஓர் எழுத்து விடுபட்டிருந்ததை வங்கி ஊழியர் கவனித்துவிட்டார். அந்த ஓர் எழுத்திலிருந்து சந்தேகம் கிளம்பியது. ரைஸின் ஹூஸ்டன் வழக்கறிஞர் ஜேம்ஸ் பேக்கர் நியூயார்க்குக்கு விரைந்து விடாமல் துருவினார். உயில் போலி என்பது வெளிப்பட்டது. 1902இல் பேட்ரிக் குற்றவாளி என்று தீர்ப்பாயிற்று. வேறொருவர் எழுதி இன்னொருவர் பெயரில் நீட்டிய ஒரு தாள் வென்றிருந்தால், இன்று உங்கள் மகளுக்குச் சேர்க்கைக் கடிதம் அனுப்ப அந்தப் பல்கலைக்கழகமே இருந்திருக்காது. ரைஸ் இறந்து சரியாகப் பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து, 1912 செப்டம்பர் 23 அன்று, அது திறக்கப்பட்டது.

கொலைகாரரோடு என்னை ஒப்பிடுகிறீர்களா என்று நீங்கள் கோபப்படலாம். ஒப்பிடவில்லை. உங்கள் நோக்கம் பாசம் என்பதை நான் அறிவேன். ஆனால் உங்கள் மகள் அந்த விண்ணப்பத்தின் முடிவில், இதில் உள்ளது யாவும் என் சொந்தப் படைப்பு, உண்மையானது என்று உறுதி கூறிக் கையொப்பமிட்டிருக்கிறாள். அமெரிக்கக் கல்லூரிகளுக்கான பொது விண்ணப்பத்தில் அந்த உறுதி இல்லாமல் எதையும் அனுப்ப முடியாது. பதினேழு வயதுப் பெண்ணை, தன் தகப்பன் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, தகப்பனுக்காகவே பொய்யுறுதி கொடுக்க வைத்தவர் நீங்கள். எத்தனை பாசம் இருந்தாலும் இதற்கு வேறு பெயர் கிடையாது.

இப்போது மரபுக்கு வருகிறேன். புதிய மாணவர்கள் முதல் வாரத்தில் லவெட் ஹால் என்ற பழைய கட்டடத்தின் நடுவே உள்ள சாலிபோர்ட் எனும் வளைவுவாசல் வழியாக உள்ளே நடந்து வருவார்கள்; பட்டம் பெறும் நாளில் அதே வாசல் வழியாக வெளியே போவார்கள். 1957 முதல் மாணவர்கள் எல்லாரும் ‘விடுதிக் கல்லூரிகள்’ என்ற தனித்தனிக் குடும்பங்களாகப் பிரிக்கப்பட்டு, நான்கு ஆண்டும் அந்தந்தக் குடும்பத்தின் பிள்ளைகளாகவே வளர்கிறார்கள்; பேராசிரியர் ஒருவர் தம் குடும்பத்தோடு பக்கத்து வீட்டிலேயே குடியிருப்பார். இவை அழகான வழக்கங்கள், உங்கள் மகளுக்குப் பிடித்துப்போகும். ஆனால் அந்த இடத்தின் முதுகெலும்பு இவற்றில் இல்லை. அங்கே ‘ஹானர் கோட்’ என்ற நேர்மை விதி, தொடக்க காலத்திலிருந்தே, மாணவர்களின் பொறுப்பில் நடந்து வருகிறது. பல தேர்வுகளுக்கு வினாத்தாளை மாணவர் அறைக்கே எடுத்துச் செல்லலாம். புத்தகத்தைத் திறக்கக்கூடாது, இத்தனை மணி நேரத்தில் முடிக்க வேண்டும் என்று அதில் எழுதியிருக்கும். மேற்பார்வைக்கு ஒருவரும் இருக்க மாட்டார். அறைக் கதவு சாத்தியிருக்கும், அலமாரியில் புத்தகம் இருக்கும், அதைத் தொடாமல் எழுதி முடித்து, அனுமதியில்லாத உதவி எதையும் நான் கொடுக்கவுமில்லை, பெறவுமில்லை என்று தன் மானத்தின் மேல் ஆணையாக எழுதிக் கையொப்பமிட வேண்டும். மீறியவர்களை விசாரிக்கும் மன்றமும் மாணவர்களால் ஆனதே.

அந்த உறுதிமொழியை இன்னொரு முறை படியுங்கள், ஐயா. பிறகு உங்கள் மகளின் மௌனத்தை நினைத்துப் பாருங்கள். சேர்க்கை உறுதியான இடத்தைப் பற்றி அவள் ஒன்றும் படிக்காமல் இருந்திருப்பாளா? படித்திருப்பாள், நீங்கள் தரவரிசையைத் தேடிக்கொண்டிருந்த அதே நாட்களில் அவள் இந்த விதியைப் படித்திருப்பாள். அந்த வளைவுவாசலுக்குள் நுழையும் முதல் நாளிலேயே, தான் சொல்லப்போகும் உறுதிமொழியைத் தான் ஏற்கெனவே உடைத்துவிட்டதாக ஒரு பெண் நினைத்தால், அவள் எப்படிப் பேசுவாள், யாரிடம் பேசுவாள்? அப்பா எனக்காகக் கண்விழித்து எழுதினார், அவரிடம் போய் இதைச் சொன்னால் மனம் உடைந்துபோவார் என்று உங்களைக் காப்பாற்றுவதற்காகத்தான் அவள் வாயை மூடிக்கொண்டிருக்கிறாள் என்பது என் கணிப்பு. பெயர் தெரியாத இடம் என்ற வருத்தம் உங்களுடையது. உங்கள் வருத்தத்தை அவள்மேல் ஏற்றிப் பார்த்துவிட்டு, அவளிடம் ஒரு வார்த்தை கேட்காமல் எனக்குக் கடிதம் எழுதியிருக்கிறீர்கள்.

அவளுக்கு எழுத்து வராது என்கிறீர்கள். யார் சொன்னது? விண்ணப்பத்தில் படம் வைக்கச் சொன்னார்களே, அது ரைஸுக்கே உரிய வழக்கம். ‘பெட்டி’ என்று அதற்குப் பெயர். தன் மனத்தைத் தொட்ட ஏதோ ஒன்றின் படத்தை மாணவர் வைக்க வேண்டும். சின்ன விஷயம் என்று நினைத்து நீங்கள் விட்டுவைத்த அந்த ஒரு கட்டத்தில், உலகத்தில் உள்ள எத்தனையோ படங்களை விட்டுவிட்டு, பாட்டியின் கோல நோட்டிலிருந்து ஒரு பக்கத்தை அவள் எடுத்து வைத்திருக்கிறாள். புள்ளி எண்ணி, இழை பிசகாமல் வளைத்து ஒரு கிழவி வரைந்ததில் என்ன இருக்கிறது என்று கண்டுகொள்ளத் தெரிந்த பெண்ணுக்கு எழுதவும் தெரிந்திருக்கும், எழுத விட்டிருந்தால். அந்த விண்ணப்பம் முழுவதிலும் அவள் வந்து நின்ற இடம் அந்த ஒரு சதுரம்தான். மற்றப் பக்கங்கள் எல்லாம் ஐம்பது வயது மனிதர் ஒருவர் பதினேழு வயதுப் பெண்ணைப்போலப் பேசிக் காட்டியவை.

தகப்பன் என்றால் பிள்ளைக்குச் செய்ய வேண்டியவர் என்பதில் எனக்கு இரண்டாம் கருத்து இல்லை. கட்டணத்துக்கு வழி தேடுங்கள், நிதியுதவி நான்கு ஆண்டுக்கும் தொடருமா என்று கடிதத்தை வரிவரியாகப் படியுங்கள், விமான நிலையத்தில் நின்று அழுங்கள், அவை உங்கள் கடமை. பிள்ளையின் இடத்தில் நின்று பிள்ளையாக நடிப்பது கடமையில் சேராது. ‘உன்னால் முடியாது’ என்று வாயால் ஒரு முறைகூடச் சொல்லாமல், ஒவ்வொரு பத்தியிலும் அவளுக்கு அதைச் சொல்லியிருக்கிறீர்கள். ஊரார் சிரித்ததைப் பொறுக்காத நீங்கள், சொந்த மகளைச் சிறுமைப்படுத்தியதை உணராமல் இருக்கிறீர்களே என்பதுதான் என்னை வருத்துகிறது.

செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். இன்றிரவே அவளோடு தனியாக உட்காருங்கள். நான் செய்தது தவறு, உன் கையொப்பத்தை நான் கெடுத்தேன், மன்னித்துக்கொள் என்று சொல்லுங்கள். நல்லதுக்காகத்தான் செய்தேன் என்ற பிற்சேர்க்கை வேண்டாம். அதன்பின், பல்கலைக்கழகத்தின் சேர்க்கை அலுவலகத்துக்கு உண்மையை எழுதிவிட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து என்று அவளிடம் சொல்லுங்கள். அவள் இசைந்தால், கட்டுரைகளை எழுதியது நான்தான் என்று உங்கள் பெயரில், உங்கள் கையொப்பத்தோடு நீங்கள் ஒரு கடிதம் எழுதுங்கள். அவள் கேட்டால், தானே எழுதிய புதிய கட்டுரைகளை அதோடு அனுப்பட்டும். அவள் மறுத்தால் வற்புறுத்தக்கூடாது. அது அவள் வாழ்க்கை, அவள் மனச்சாட்சி. ஆனால் அப்போதும் அந்த இடத்தை ஏற்க வேண்டாம் என்று அவள் முடிவெடுத்தால், பணமும் நேரமும் வீணாயிற்றே என்று ஒரு சொல் உங்கள் வாயிலிருந்து வரலாகாது.

இடம் போய்விடுமே என்று கேட்பீர்கள். போகலாம். பொய்யான தகவல் தெரியவந்தால் சேர்க்கையை ரத்துசெய்யும் உரிமை அவர்களுக்கு உண்டு. படிக்கும்போது தெரியவந்தால் வெளியேற்றும் உரிமையும் உண்டு. எத்தனை ஆண்டுகள் அந்த அச்சத்தோடு அவள் படிக்க வேண்டும் என்று நினைக்கிறீர்கள்? எழுதி வைத்ததைத் திருத்த முடியாமல் முடங்கிப்போன நிறுவனமும் அல்ல அது. நிறுவனர் அடிமைகளை வைத்திருந்தவர். வெள்ளையருக்கு மட்டுமே கல்வி, அதுவும் கட்டணமின்றி என்று சாசனத்தில் எழுதி வைத்தவர். அந்த நிபந்தனைகளை மாற்றவேண்டி அறங்காவலர்களே 1963இல் நீதிமன்றம் சென்றார்கள். நிதி நெருக்கடியும் அதற்கு ஒரு காரணம், மறுக்கவில்லை. ஆயினும், நிறுவனர் எழுதிய நிபந்தனைகளோடு நல்ல பல்கலைக்கழகமாக இயங்க முடியாது என்று ஊரறிய வழக்காடி, அவரது சொற்களையே மாற்றினார்கள். 1964இல் தீர்ப்பு வந்தது. கருப்பின மாணவர்கள் உள்ளே வந்தார்கள். 1965இல் கட்டணமும் வந்தது. நடு முற்றத்தில் பல பத்தாண்டுகளாக வீற்றிருந்த நிறுவனரின் சிலையை அங்கிருந்து இடம் மாற்றுவது என்று 2022இல் முடிவெடுத்தார்கள். தம்மைத் தோற்றுவித்தவரின் பிழையையே மூடி மறைக்காதவர்கள், தானாக முன்வந்து பிழையை ஒப்புக்கொள்ளும் ஒரு தகப்பனின் கடிதத்தை எப்படிப் படிப்பார்கள் என்பது அவர்கள் பாடு. இரக்கம் காட்டுவார்கள் என்று நான் வாக்குக் கொடுக்க மாட்டேன். எழுத வேண்டும் என்று மட்டும் சொல்வேன்.

அந்த இடம் போய்விட்டால், அடுத்த ஆண்டு அவள் இங்கேயோ எங்கேயோ தன் எழுத்தில் விண்ணப்பிப்பாள். ஓர் ஆண்டு போனால் ஒன்றும் முழுகிவிடாது. உறவினர்கள் கேட்டால், என்னால் போயிற்று என்று சொல்லிக்கொள்ளும் துணிவு உங்களுக்கு வேண்டும். குற்றத்தை மகளின் மதிப்பெண்மீதோ, அந்த நாட்டின்மீதோ தள்ளிவிட்டு வீட்டுக்குத் திரும்பாதீர்கள்.

கடைசியாக ஒன்று. அவளோடு பேச உட்காரும்போது எந்தக் கேள்வியில் தொடங்குவது என்று தெரியாவிட்டால், கோல நோட்டில் அந்தப் பக்கத்தை ஏன் தேர்ந்தெடுத்தாய் என்று கேளுங்கள். அவள் சொல்லி முடிக்கும் வரை குறுக்கே பேசாதீர்கள். மே 1ஆம் தேதிக்கு முன் எழுத வேண்டிய கடிதம் எதுவானாலும், நீங்கள் கையொப்பமிட வேண்டியதை நீங்கள் எழுதுங்கள். அவள் கையொப்பமிட வேண்டியதை அவளே எழுதட்டும்.